விலைக் கவருக்கு முந்தைய பக்கம்

விலைக் கவர் உடைக்கிற நாளில்தான் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் ஆர்வம் பொங்கும். யார் எல்-1, யார் எல்-2, எத்தனை லட்சம் வித்தியாசம் என்று ஒவ்வொரு துறையிலிருந்தும் போன் மேல் போன் வரும். கொள்முதல் பிரிவிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து உதவிப் பதிவாளராக ஓய்வுபெற்ற எனக்கு அந்த நாளின் மேல் பெரிய ஆர்வம் இருந்ததே இல்லை. கவருக்குள் இருப்பது வெறும் எண். அது எப்படிப்பட்ட எண்ணாக இருக்கும் என்பது மூன்று நான்கு மாதத்துக்கு முன்பே, ஒரு பேராசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து 'எனக்கு இது வேண்டும்' என்று எழுதிய தாளில் முடிவாகியிருக்கும். தொழில்நுட்ப விவரக்குறிப்பு என்று கோப்பில் எழுதுவோம். வாயில் வருவது 'ஸ்பெக்'. நல்ல கொள்முதல் பிறப்பதும் அங்கேதான், திருட்டு பிறப்பதும் அங்கேதான்.

எல்-1 என்றால் தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை சொன்னவர். முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். "கவர்ன்மென்ட்ல மட்டமானதைத்தான் வாங்குவாங்க, ரூல் அப்படி" என்று ஆட்டோக்காரர் முதல் டீன் வரை சொல்லிக் கேட்டிருக்கிறேன். விதி அப்படிச் சொல்லவில்லை. நீ கேட்டதைக் குறைவில்லாமல் தருகிறவர்களில் யார் மலிவு என்று பார் என்கிறது, அவ்வளவுதான். 'நாற்காலி, நல்ல தரம், 100 எண்ணம்' என்று ஒரு துறை எழுதி அனுப்பினால், நல்ல தரத்தை எந்த ஸ்கேலை வைத்து அளப்பது? மட்டமான நாற்காலியைக் கொண்டுவந்து இறக்குகிறவரும் அதை நல்ல தரம் என்றுதான் சொல்வார். அவரைத் திருப்பி அனுப்ப என் கையில் ஒரு வரிகூட இருக்காது. அதே துறை, எத்தனை கிலோ எடை தாங்க வேண்டும், பஞ்சின் அடர்த்தி என்ன, சக்கரம் எதனால் ஆனது, உயரம் ஏற்றி இறக்கும் உருளைக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுதியிருந்தால், அதே எல்-1 விதியில் பத்து வருடம் உட்காரும்படியான நாற்காலி வந்திருக்கும்.

நான் வேலை பார்த்தது ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே விதிப்புத்தகம் ஜி.எஃப்.ஆர். என்று நாங்கள் சொல்லும் பொது நிதி விதிகள். 1963-இல் ஒன்று, 2005-இல் ஒன்று, பிறகு 2017-இல் இப்போதைய பதிப்பு. கொள்முதல் பிரிவுதான் வேண்டுமென்றே விதிகளை உண்டாக்கி ஆராய்ச்சியைத் தடுக்கிறது என்று ஒரு நம்பிக்கை பேராசிரியர்களிடம் உண்டு. விதி டில்லியில் நிதி அமைச்சகத்தில் எழுதப்படுகிறது. திட்டு மட்டும் எங்கள் மேசைக்கு வரும்.

2017 புத்தகத்தின்படி ஏணி இப்படி இருந்தது. 25,000 ரூபாய் வரை கொட்டேஷன் இல்லாமலே வாங்கலாம். ஆனால் வாங்கியவர், பொருளின் தரத்திலும் விலை நியாயத்திலும் தனக்குத் திருப்தி என்று தன் பெயரில் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் இரண்டரை லட்சம் வரை மூன்று பேர் கொண்ட குழு கடைத்தெருவில் விசாரித்து, மூவரும் சேர்ந்து சான்று தர வேண்டும். 25 லட்சம் வரை, மூன்றுக்கு மேற்பட்ட நம்பகமான சப்ளையர்களுக்கு நேரடியாக எழுதிக் கேட்கும் லிமிடெட் டெண்டர். அதற்கு மேல் போனால் ஊரறிய விளம்பரம், குறைந்தது மூன்று வார அவகாசம். இந்த ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே ஜெம் இணையச் சந்தையைப் பார்த்தாக வேண்டும். 2016 ஆகஸ்டில் தொடங்கிய அந்த அரசுச் சந்தையில் பொருள் கிடைத்தால் அங்கேதான் வாங்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்று அந்தத் தளமே தருகிற அறிக்கையை ஃபைலில் வைத்துவிட்டுத்தான் வெளியே போகலாம்.

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் கதை வேறு. அவை 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் 2000-ஆம் ஆண்டு அதன் கீழ் வந்த விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது அங்கே விதி. மத்திய அரசில் இது அமைச்சகத்தின் விதி. தமிழ்நாட்டில் சட்டமன்றம் இயற்றிய சட்டம். டெண்டரில் தோற்றவர் அரசிடம் மேல்முறையீடு செய்யும் வழியும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எங்களைவிட அவர்கள் ஒரு படி மேல் என்று நான் எப்போதும் நினைப்பேன்.

ஏணி என்று இருந்தால், படியேறாமல் தாண்டப் பார்க்கிறவர்களும் இருப்பார்கள். ஒரு லட்ச ரூபாய் இரசாயனத்தை நான்கு பில்லாக உடைத்து, ஒவ்வொன்றும் 24,900 என்று கொண்டுவருவார்கள். தேதி மட்டும் வெவ்வேறு. பில் எண்ணைப் பார்த்தால் அடுத்தடுத்து இருக்கும். இடையில் அந்தக் கடைக்காரர் வேறு யாருக்கும் ஒரு பில்கூடப் போடவில்லை போலிருக்கிறது! மேலதிகாரியின் அனுமதியைத் தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டு போடக் கூடாது என்று 157-ஆம் விதி நேரடியாகவே சொல்கிறது. தணிக்கைக்காரர் முதலில் தேடுவது இதைத்தான். அடுத்தது மூன்று கொட்டேஷன். ஒருமுறை மூன்று கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் மூன்று கொட்டேஷன் வந்தது. மூன்றும் ஒரே எழுத்துரு, ஒரே ஓர இடைவெளி. ஆங்கிலத்தில் 'வாரண்டி' என்று எழுதும்போது மூன்றிலும் அதே ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. கொண்டுவந்த இளம் உதவிப் பேராசிரியருக்கு ஒன்றும் தெரியாது. கடைக்காரர் 'மூன்றையும் நானே ஏற்பாடு பண்ணித் தர்றேன் சார்' என்றிருக்கிறார்; இவர் அதை உதவி என்று நினைத்திருக்கிறார்.

இதெல்லாம் சில்லறை. பெரிய தொகை போகும் வழி ஸ்பெக்.

உயிரித் தொழில்நுட்ப ஆய்வகம் ஒன்றுக்கு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வேண்டியிருந்தது. ஸ்பெக் இரண்டு பக்கம் வந்தது. பெட்டியின் வெளி உயரம் மில்லிமீட்டர் சுத்தமாக, கடைசி இலக்கம் வரை. கதவின் கீல் இடப்பக்கம். மொத்த எடை இத்தனை கிலோ. மேல்பூச்சு நீலமும் வெள்ளையும். உறை நிலையில் இருக்கும் திசுவுக்குப் பெட்டியின் நிறம் என்ன தெரியும்? அந்த ஸ்பெக் மின்னஞ்சலில் வேர்ட் ஃபைலாகவும் வந்திருந்தது. ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தேன். எழுதியவர் என்ற இடத்தில் அந்த ஃப்ரீசரை விற்கும் கம்பெனியின் பெயரே இருந்தது. மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டு, அவர் மூக்கில் உள்ள மச்சம் வரை போட்டு 'மணமகன் தேவை' என்று விளம்பரம் கொடுப்பது போன்ற வேலை.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். நேர்மையான மனிதர். கோபமாகத்தான் வந்தார்.

"மேடம், எனக்கு இந்த மெஷின்தான் வேணும். நீங்க டெண்டர் போட்டு ஏதோ ஒண்ணைத் தலையில கட்டிடுவீங்க. பத்து வருஷ சாம்பிள் சார் அது. போச்சுன்னா போச்சு."

கோபத்தில் என்னையே 'சார்' என்றுவிட்டார். உட்காரச் சொல்லிக் கேட்டேன்: "சார், அந்தக் கம்பெனியை விடுங்க. ராத்திரி கரண்ட் போனா எத்தனை மணி நேரம் குளிர் தாங்கணும்? உங்க ரூம்ல மே மாசம் எத்தனை டிகிரி இருக்கும்? சாம்பிள் பெட்டி எத்தனை வைக்கணும்? ரிப்பேருன்னா ஆள் எத்தனை மணி நேரத்துல வரணும்? உங்க ரூம் வாசல் அகலம் என்ன?"

கடைசிக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆய்வக உதவியாளர் டேப் கொண்டுபோய் அளந்து வந்தார். அவர் ஆசைப்பட்ட அந்த மெஷின் அந்த வாசலில் நுழையாது.

மாலைக்குள் புது ஸ்பெக் தயார். வெளி அளவுக்குப் பதில் உட்கொள்ளளவு, குறைந்தது இவ்வளவு லிட்டர். அறை வெப்பம் 32 டிகிரியில் இருக்கும்போதும் மைனஸ் 80-இல் நிற்க வேண்டும். மின்சாரம் நின்றால் மைனஸ் 50 வரை ஏற எத்தனை மணி நேரம் ஆகும் என்பதற்குக் கம்பெனியின் சோதனை அறிக்கை. பேட்டரியில் ஓடும் அலாரம். வாசலுக்குள் நுழையும் அகலம். எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை, மச்சமும் இல்லை. அவருக்கு எது முக்கியமோ அது முழுவதும் இருந்தது. ஒரே கம்பெனி மட்டும் வந்திருக்க வேண்டிய டெண்டருக்குப் போட்டியிட்டு நான்கைந்து பேர் வந்தார்கள்.

இந்த மாதிரி ஸ்பெக்குக்குப் பின்னால் எப்போதும் லஞ்சம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் சோம்பலும் பயமும்தான். பேராசிரியருக்கு ஸ்பெக் எழுத யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. விற்பனைப் பிரதிநிதி டைரி, காலண்டர், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் சகிதம் வருகிறார். 'நானே டைப் பண்ணி அனுப்பிடறேன் சார்' என்கிறார். அந்த ஸ்வீட் பாக்ஸில் ஒன்றும் இல்லை. அந்த டைப் பண்ணிய இரண்டு பக்கத்தில்தான் இருக்கிறது. பிரதிநிதியிடம் தகவல் கேட்பதே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். மூன்று நான்கு கம்பெனியிடம் கேட்டு, எல்லோருடைய கேட்டலாக்கையும் விரித்துவைத்து, தன் வேலைக்கு எது அவசியம் என்று தானே எழுதினால் அது நியாயமான வேலை. ஒருவரிடம் மட்டும் கேட்டால் அது அவருடைய டெண்டர்.

ஒரே ஆளிடம் வாங்கவும் விதியில் நேர்வழி இருக்கிறது. அந்தப் பொருளை அவர் ஒருவர்தான் செய்கிறார், வேறு எதுவும் ஈடாகாது என்று துறை எழுதிக் கையெழுத்துப் போடும் பி.ஏ.சி. சான்றிதழ். ஏற்கனவே வாங்கிய கருவிக்கு அதே கம்பெனியின் உதிரிபாகம்தான் பொருந்தும் என்றால் வேறு என்ன செய்ய முடியும்? அது முறை. ஆனால் பி.ஏ.சி. கேட்டு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்பேன்: "ஒருத்தர்தான் செய்யறாரா, ஒருத்தரைத்தான் உங்களுக்குத் தெரியுமா?" பாதிப் பேர் ஃபைலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஓபன் டெண்டரில் ஒருவர்தான் வந்தார் என்பதும் இதுவும் ஒன்றல்ல. பலர் அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒழுங்காக விளம்பரம் செய்து, நிபந்தனை அநியாயமாக இல்லாமல், விலையும் நியாயமாக இருந்தால், ஒரே ஒரு டெண்டர் வந்தாலும் அது செல்லும் என்று 2017 விதியே தெளிவாகச் சொல்கிறது. இதைப் படிக்காமல், ஒருவர்தான் வந்தார் என்பதற்காகவே ரத்து செய்து மறுபடி மறுபடி டெண்டர் போட்டு ஒரு வருடத்தை வீணாக்கிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். விதியைத் தெரிந்தவர்களைவிட விதிக்குப் பயந்தவர்களால் வந்த தாமதம் அதிகம்.

கவர் உடைக்கிற நாள் எனக்குச் சுவாரஸ்யமில்லை என்றேன். ஆனால் பழைய தகரப் பெட்டிக் காலத்தில் அதில் ஒரு அழகு இருந்தது. இரண்டு பூட்டு, ஒரு சாவி எங்களிடம், இன்னொன்று நிதிப் பிரிவிடம். கெடு முடிந்த நிமிடமே பெட்டியின் வாயில் காகிதம் ஒட்டிக் கையெழுத்து. கம்பெனிக்காரர்கள் எதிரில் உட்கார்ந்திருக்க, அரக்கு முத்திரையைக் காட்டிவிட்டு உடைப்போம். ஏழு கவர் என்றால் 1/7, 2/7 என்று வரிசை எண். ஒவ்வொரு விலையையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் எழுத்தால் எழுத வேண்டும். 1 என்பதை 7 ஆக்க ஒரு கோடு போதும். 3 என்பதை 8 ஆக்க ஒரு வளைவு போதும். அடித்தல் திருத்தல் எத்தனை என்று எண்ணி அடியில் குறித்து எல்லோரும் சுருக்கொப்பம் போடுவோம். விலை எழுதாமல் விட்ட இடத்திலும் வட்டம் போட்டு 'விலை தரவில்லை' என்று எழுதினால்தான் நான் அடுத்த பக்கம் திருப்புவேன். இன்று மத்திய கொள்முதல் தளத்தில் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி போட்டுத் திறக்கிறார்கள். கெடு மூன்று மணி என்றால் மூன்று மணிக்குச் சர்வர் மூடிக்கொள்ளும். வாட்ச்மேனைக் கெஞ்சிக் கவரைச் செருக முடியாது. நல்லதுதான்.

தொழில்நுட்பக் கவர் தனி, விலைக் கவர் தனி. முதல் கவரில் தேறியவர்களுடைய இரண்டாவது கவரைத்தான் திறக்க வேண்டும். விலை தெரிந்த பிறகு ஸ்பெக்கைத் தளர்த்தும் ஆசை யாருக்கும் வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிவினை. திறந்த பிறகு பேரம் பேசுவதும் கிட்டத்தட்ட இல்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007 மார்ச்சில் அனுப்பிய சுற்றறிக்கையின்படி, மிக அபூர்வமான நேரங்களில் மட்டும், அதுவும் எல்-1-இடம் மட்டும் பேசலாம். எல்-2-ஐக் கூப்பிட்டு 'நீங்க கொஞ்சம் குறைச்சுக்கறீங்களா' என்று கேட்டால் தொலைந்தோம்.

பொருள் வாங்குவதைவிட ஆள் ஒப்பந்தம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், தோட்ட வேலை, விடுதி மெஸ். நாற்காலி மட்டமாக வந்தால் முதுகு வலிக்கும். இங்கே விலை குறைந்தால் ஒரு மனுஷியின் சம்பளம் குறையும்.

இதில் கணக்கு இப்படி. குறைந்தபட்சக் கூலி அரசு நிர்ணயித்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. விகிதம் சட்டத்தில் உள்ளது. முதலாளி பங்காக இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், தொழிலாளியிடம் 0.75. இவற்றில் யாரும் கூட்டிக் குறைக்க முடியாது. ஒப்பந்தக்காரர் போட்டி போட மிச்சம் இருப்பது அவருடைய சேவைக் கட்டணம் மட்டும். எனவே எல்லோரும் அதைக் குறைத்துக்கொண்டே வந்து பூஜ்யத்தில் நின்றார்கள். நூறு பேருக்குச் சீருடை, மேற்பார்வையாளர், அலுவலகம், எல்லாம் சும்மா செய்கிறேன் என்கிற தர்மப்பிரபுக்கள்! பூஜ்யம் போட்டால் அந்த டெண்டரைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2014 ஜனவரியில் நிதி அமைச்சகம் உத்தரவு போட்டது. அடுத்த டெண்டரில் 0.01 சதவீதம் வந்தது. பூஜ்யம் இல்லையே! பிறகு 2023 ஜனவரியில் குறைந்தது 3.85 சதவீதம் என்று தரை கட்டினார்கள். இப்போது எல்லோரும் 3.85 போடுகிறார்கள்; எல்லோரும் எல்-1; ஜெம் தளத்தில் கணினி குலுக்கிப்போட்டு ஒருவரை எடுக்கிறது. விலையை மட்டும் வைத்து ஆள் வேலையை வாங்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இங்கேயும் காப்பாற்றுவது ஒப்பந்தத்தில் முன்கூட்டி எழுதிவைக்கும் நிபந்தனைதான்.

துப்புரவு வேலை பார்த்த ஒரு பெண் ஒருநாள் மதியம் என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. "அம்மா, எம் பையன் போன்ல பாத்தான். என் பி.எஃப். நம்பர்ல பணமே ஏறலையாம். மாசா மாசம் பிடிக்கறாங்கம்மா." ஒப்பந்தக்காரர் மாதம் தவறாமல் பில்லோடு பி.எஃப். செலான் வைத்திருந்தார். தொகையும் சரியாக இருந்தது. தலை எண்ணிக்கையும் சரியாக இருந்தது. செலானோடு போகும் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கி, எங்கள் வருகைப் பதிவேட்டோடு ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். எங்கள் வளாகத்தில் வேலையே செய்யாத பெயர்கள் அதில் இருந்தன; இங்கே கூட்டிப் பெருக்கிய சிலருடைய பெயர் இல்லை. வேறு எங்கோ உள்ள அவருடைய ஆட்களுக்கு எங்கள் பணத்தில் பி.எஃப். போயிருந்தது. செலானில் ஆள் கணக்குச் சரியாக இருந்ததால் ஆடிட்கூட அதைத் தாண்டிப் போயிருக்கும்.

அந்த மாத பில்லை நிறுத்திவைத்தோம். என் பணிக்காலம் முழுவதும் நடப்பில் இருந்த 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது பல்கலைக்கழகம், கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். 'அது ஏஜென்சி பாத்துக்கும்' என்று கையைக் கழுவ முடியாது. அதற்குப் பிறகு எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்ந்தது: பெயர்ப் பட்டியலும் வங்கிச் சம்பளப் பட்டியலும் வந்து, நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பில். அடுத்த டெண்டரில் வழக்கமாக வரும் சில ஏஜென்சிகள் வரவே இல்லை. அந்த இரண்டு வரி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டேன்.

வாங்கிய பிறகு நடப்பதை யாரும் எழுதுவதில்லை. வெளிநாட்டுக் கருவி பெரிய மரப்பெட்டியில் வந்து இறங்கும். வைக்க வேண்டிய அறையில் ஏ.சி. வேலை முடிந்திருக்காது. பெட்டி வராந்தாவில் நிற்கும். உத்தரவாதக் காலம் பொருள் வந்த தேதியிலிருந்து என்று ஆர்டரில் எழுதியிருந்தால், பிரிக்காத பெட்டிக்குள்ளேயே உத்தரவாதம் ஓடிக்கொண்டிருக்கும். நிறுவி இயக்கிக் காட்டிய தேதியிலிருந்து என்று எழுதியிருக்க வேண்டும். தனியார் கம்பெனிக்கு முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்ற விதியும் இதற்காகத்தான். கடைசிப் பணம் நம் கையில் இருக்கும்வரைதான் போனை எடுப்பார்கள்.

மார்ச் மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டு முடிவில் அவசர அவசரமாகச் செலவு செய்வது நிதி ஒழுக்கத்துக்கு விரோதம் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. ஆனால் மானியத் தவணை ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் ஏப்ரலில் எப்படிச் செலவு செய்வது? பாவம் பேராசிரியர்கள், இதில் நான் அவர்கள் பக்கம். இன்னொன்றிலும் அவர்கள் பக்கம்தான். ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலை 18-ஆம் தேதி போய்விட்டது. அதற்கு முன் ஐந்து சதவீதம் என்று கணக்குப் போட்டு மானியம் வாங்கியவர்கள் 18 சதவீதம் கட்ட வேண்டியதாயிற்று. டெண்டர் முடிந்து, விலையும் முடிந்து, வரிக்குப் பணம் இல்லாமல் நின்ற ஃபைல்கள் என் மேசையில் அடுக்காகக் கிடந்தன.

சிறு வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. குறு, சிறு நிறுவனங்களிடம் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் வாங்க வேண்டும் என்று கொள்கை இருக்கிறது. எல்-1 விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள் அவர்கள் விலை இருந்தால், எல்-1 விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கைச் சப்ளை செய்யும் வாய்ப்பு தர வேண்டும். எல்லாம் சரி. 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கண்ணாடிக் குடுவையும் அமிலமும் சப்ளை செய்யும் உள்ளூர்க்காரர் மாதக்கணக்கில் படியேறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வட்டி கேட்டவரை ஒருவரையும் பார்த்ததில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று அவருக்குத் தெரியும். பணம் தாமதமாகும் என்று தெரிந்தவர், விலையில் அதை முன்கூட்டியே ஏற்றிவிடுவார். ஆக வட்டியும் நாம்தான் கட்டுகிறோம், வேறு பெயரில். வாங்கும்போது நூறு கையெழுத்து கேட்கிற அமைப்பில் பணம் தாமதமானதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோகூட யாருக்கும் போனதில்லை.

விதிப்புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நூலகத்தில் ஓராண்டில் படிக்கவும் இரவல் தரவும் எடுத்த ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து காணாமல் போவதை, நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ இல்லாதவரை, இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கிறது 215-ஆம் விதி. ஆயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புத்தகமும் அரிய புத்தகமும் மட்டும் விதிவிலக்கு. அவை தொலைந்தால் விசாரணை. டில்லியில் அந்த விதியை எழுதியவர் நிச்சயம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர்.

2025 ஜூனில் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஏணியைத் தாழ்த்திக்கொடுத்தது. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு, அவர்களுக்கு ஏற்கனவே தளர்த்திக் கொடுத்திருந்த ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. குழு விசாரித்து வாங்கும் வரம்பு பத்து லட்சத்திலிருந்து 25 லட்சமானது. ஆராய்ச்சிக்கென்றே உள்ள சிறப்புக் கருவிகளை ஜெம்முக்கு வெளியே வாங்கத் துணைவேந்தரே அனுமதிக்கலாம். 200 கோடி வரை உலகளாவிய டெண்டருக்கும் அவரே ஒப்புதல் தரலாம். விஞ்ஞானிகள் பல வருடமாகக் கேட்டது. ஜெம்மில் எல்-1 என்று வந்த மட்டமான பைப்பெட் முனைகளால் சோதனை வீணானவர்களின் எரிச்சல் நியாயமானது என்பதால் நான் இதை வரவேற்கிறேன். ஆனால் 20 லட்ச ரூபாய்க் கருவியின் ஸ்பெக்கை முன்பு டெண்டருக்கு அழைத்த கம்பெனிகளாவது படிக்கும். இனி மூன்று பேர் குழு படிக்கும். அந்த மூன்று பேரில் ஒருவராவது வேறு துறைக்காரராக, 'ஏன் கீல் இடப்பக்கம்?' என்று கேட்கக் கூடியவராக இருக்கிறாரா என்று பார்த்துப் போடுவது பதிவாளரின் வேலை. குழுவில் மூவரும் ஒரே ஆய்வகத்து ஆட்கள் என்றால், வரம்பு பத்து லட்சமாக இருந்தாலும் 25 லட்சமாக இருந்தாலும் ஒன்றுதான்.

உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் என்ன வாங்குகிறது என்று பார்க்க யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் மத்திய கொள்முதல் தளத்தில், மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தில் ஆவணங்கள் கிடக்கின்றன. திறந்தால் நூறு பக்கம் வரும். முக்கால்வாசி எல்லா டெண்டரிலும் உள்ள அதே பொது நிபந்தனைகள், தாண்டிப் போகலாம். கம்பெனியின் தகுதி நிபந்தனையையும் ஸ்பெக்கையும் மட்டும் படியுங்கள். ஆண்டு விற்றுமுதல் இத்தனை கோடி என்று கேட்டிருந்தால், வாங்கும் பொருளின் மதிப்போடு ஒப்பிடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே சப்ளை செய்த அனுபவம் வேண்டும் என்று இருந்தால், ஏன் மருத்துவமனைக்குச் செய்த அனுபவம் ஆகாது என்று யோசியுங்கள். பிறகு விலை சொல்வதற்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் கம்பெனிகள் கேட்ட கேள்விகளும் பல்கலைக்கழகம் தந்த பதில்களும் தனி ஃபைலாக இருக்கும். அதன் கீழே திருத்த அறிவிப்பு ஏதாவது வந்திருந்தால் அதையும் திறந்து, எந்த வரி மாறியிருக்கிறது, எந்த வரியை மாற்ற மறுத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். நான் எந்த டெண்டரையும் இன்றும் அந்த ஃபைலிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.